அருகிருந்து கற்பித்தவர்கள்

வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழர், சென்ற இடமெல்லாம் ஒரு கோயிலையும் ஒரு சங்கீத சபையையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் எழுப்பினர். இம்மூன்றின் வரலாறும் ஆண்டு மலர்களிலும் வெள்ளிவிழா மலர்களிலும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஆயின், கல்வியின் வரலாற்றில் கட்டடம் இல்லாத ஒரு பகுதியும் உண்டு. பள்ளி விட்ட பிறகு, வீட்டில் பாடம் சொல்லித் தர எவருமில்லாத ஏழைப் பிள்ளையின் அருகில் வந்து அமர்ந்தவர்களின் வரலாறு அது. அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. சம்பளப் பட்டியலிலும் பெரும்பாலும் பெயர் இல்லை. மும்பை மாநகரில் அத்தகையோர் ஆற்றிய பணி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், தாராவி, மாதுங்கா, செம்பூர் என்னும் மூன்று பகுதிகளுக்கும் அதனோடு உள்ள தொடர்பையும் இவ்வுரையில் காண்போம்.

இப்பணியின் வேர்களுள் ஒன்று நம் ஊர்த் திண்ணையிலேயே இருக்கிறது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர். மாணவரோ பல வயதினர். ஆகவே, கற்றுத் தேறிய பிள்ளை ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக அமர்த்தி, அவன் வாயிலாக இளையோருக்கு எழுத்தும் எண்ணும் பயிற்றுவித்தனர். 1787ஆம் ஆண்டில் சென்னையை அடைந்து, பின்னர் எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் விடுதியிற் புகுத்தி, மூத்த மாணவரைக் கொண்டே இளைய மாணவருக்குக் கற்பித்தார். தாயகம் திரும்பிய பின் 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிற் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய அறக்கொடையால் தோன்றிய பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது. ஆசானுக்கும் பிள்ளைக்கும் நடுவே அன்போடு நிற்கும் ஒரு மூத்தவர் தேவை என்னும் எண்ணத்திற்கு நம் ஊரின் பெயரே அங்கு முத்திரையாயிற்று.

இதனைக் கேட்டுப் பெருமை கொள்ளுமுன் மற்றோர் உண்மையையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அத்திண்ணையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்ததில்லை. தீண்டாமையின் பெயரால் விலக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் அதன் படியையும் மிதிக்க முடியாத ஊர்கள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையை விட்டுப் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தோரில் கணிசமானவர் அத்தகைய குடும்பத்தினர். ஊரில் நிலமும் இல்லை, நீதியும் இல்லை, ஆதலின் இரயிலேறினர்.

அவர்களுள் பலர் சென்று சேர்ந்த இடம் தாராவி. மித்தி ஆற்றங்கரையில், மாகிமுக்கும் சயானுக்கும் இடையே, கோலி இனத்து மீனவர் வாழ்ந்த சதுப்பு நிலச் சிற்றூர் அது. 1887ஆம் ஆண்டை ஒட்டி அங்கு முதல் தோல் பதனிடும் சாலை தோன்றியது. நாற்றம் மிகுந்த தொழில்களை நகரின் எல்லைக்கு அப்பால் தள்ளுவது அக்காலத்து ஆட்சியாளரின் வழக்கம். தமிழகத்து முஸ்லிம் வணிகரும், அவர்களிடம் வேலைக்கு வந்த ஆதி திராவிடத் தொழிலாளரும் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பிக் குடிசை கட்டினர். சௌராஷ்டிரத்துக் குயவர் குடியேறிய பகுதி கும்பார்வாடா எனப் பெயர் பெற்றது. அம்மக்களின் உழைப்பில் எழுந்த ஊர் அது. ஆனால், அங்குப் பிறந்த பிள்ளை பள்ளிக்குச் சென்று திரும்பினால், அவன் புத்தகத்தைப் படித்துக் காட்டக்கூடியவர் வீட்டில் ஒருவரும் இல்லை.

தாராவிக்குத் தெற்கே, இரயில் பாதைக்கு மறுபுறம், மாதுங்கா வளர்ந்த கதை முற்றிலும் வேறு. 1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவிப் பேரழிவு விளைத்தது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் எனக் கண்ட அரசு, 1898ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்பை நிறுவியது. அந்த அமைப்பு தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும் பூங்காக்களும் கொண்ட புதிய குடியிருப்புகளை வகுத்தது. ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, இரயில்வேயிலும் வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாற்ற வந்த தென்னிந்தியர் அங்குக் குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுக்காக 1932ஆம் ஆண்டில் எம். வி. வெங்கடேசுவரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். சிறிதாகத் தோன்றிய அச்சங்கம் 1960ஆம் ஆண்டில் சயானில் ஒரு கல்லூரியையும் கண்டது. தாராவியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவு அது.

இரு ஊர்களும் தமிழ் பேசின. இரண்டிலும் பொங்கல் பொங்கிற்று. ஆயினும், ஒன்றில் பட்டதாரிகள் நிறைந்திருந்தனர். மற்றொன்றில் முதன்முதலாக எழுத்தறியும் பிள்ளைகள் நிறைந்திருந்தனர். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை மைலால் அளந்தால் மிகச் சிறிது. சாதியாலும் வருவாயாலும் அளந்தால் அதுவே நெடுந்தொலைவு. அத்தொலைவைக் கடந்து ஒருவர் வந்து அமர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு இந்நகரமே ஒரு சான்று தந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பரேலில் தொழிலாளர் வாழும் சாலில், ஒற்றையறையில், ஓய்வு பெற்ற இராணுவ ஆசிரியர் ஒருவரின் குடும்பம் வாழ்ந்து வந்தது. சமையலும் படுக்கையும் விறகும் ஆடும் எல்லாம் அவ்வறையிலேயே. பகலிற் படிக்க இடமில்லை. ஆகவே, தந்தை மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, இரவு 2 மணிக்கு எழுப்பி விளக்கொளியிற் படிக்க வைப்பார். மாலையில் அச்சிறுவன் சர்னி ரோடு பூங்காவிற்குச் சென்று, தனியே அமர்ந்து நூல் படிப்பான். வில்சன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் மராத்தி எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் அப்பூங்காவிற்கு வருபவர். சிறுவனோ எல்பின்ஸ்டன் பள்ளி மாணவன். தம் வகுப்பைச் சேராத அப்பிள்ளையை அவர் கண்டு, யார் என வினவி, படிப்பதற்கு நூல்கள் தந்து வந்தார்.

1907ஆம் ஆண்டில் அம்மாணவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவனுக்குப் பரிசளித்தார் கேளுஸ்கர். பின்னர், கல்லூரிச் செலவிற்குத் தந்தையிடம் பணமில்லாதபோது, அவனைப் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துச் சென்று, மாதம் 25 ரூபாய் உதவித் தொகை கிடைக்கச் செய்தார். அம்மாணவர்தான் பீமராவ் அம்பேத்கர். 1913ஆம் ஆண்டில் அவர் பரோடா மன்னரின் உதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அரை நூற்றாண்டு கழித்துத் தாம் எழுதிய புத்தரைப் பற்றிய நூலின் முன்னுரையில், கேளுஸ்கர் தந்த அப்பரிசை அவர் நினைவுகூர்ந்தார்.

கேளுஸ்கர் செய்தவை எவை என்று எண்ணிப் பார்ப்போம். அவர் பள்ளி கட்டவில்லை. பெருஞ்செல்வமும் தரவில்லை. ஒரு பிள்ளையைக் கவனித்தார், நூல் தந்தார், உரியவரிடம் அறிமுகம் செய்தார், அவன் வெற்றி பெற்ற நாளில் அவையில் எழுந்து நின்று பேசினார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்நான்கும் எளிதிற் கிடைப்பதில்லை. படித்த வீட்டுப் பிள்ளைக்கோ இவை கேளாமலே கிடைக்கின்றன. தகப்பனாரோ மாமாவோ அடுத்த வீட்டுக்காரரோ இவற்றைச் செய்து விடுகின்றனர். அதனால்தான் அவை உதவி என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

தனி மனிதரின் கருணையாக இருந்ததனை இயக்கமாக்க முயன்றவர்களும் இந்நகரில் இருந்தனர். மகாராட்டிரத்தில் ஜோதிராவ் புலே 1855ஆம் ஆண்டிலேயே புணேயில் உழைப்பாளருக்காக இரவுப் பள்ளி நடத்தினார். அவ்வழியில் 1911ஆம் ஆண்டில் என். எம். ஜோஷி பம்பாயில் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். ஆலைத் தொழிலாளர் பகுதிகளில் அச்சங்கம் இரவுப் பள்ளிகளையும் படிப்பகங்களையும் நடத்தியது. ஜோஷி தாமும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னாளில் அவர் தொழிற்சங்கத் தலைவராகப் புகழ் பெற்றதற்கு முன்னரே, தொழிலாளிக்கு ஊதியத்தோடு எழுத்தும் வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார்.

அதே காலத்தில் மேலை நாட்டிலிருந்தும் ஓர் எண்ணம் வந்து சேர்ந்தது. 1884ஆம் ஆண்டில் இலண்டனின் ஏழைப் பகுதியில் சாமுவேல் பார்னெட்டும் அவர் துணைவியார் ஹென்ரியட்டாவும் டாயின்பி மன்றத்தைத் தொடங்கினர். பல்கலைக்கழக மாணவர் ஏழைகளின் தெருவிலேயே தங்கி, மாலை வேளைகளிற் பாடம் சொல்லித் தரும் ஏற்பாடு அது. அவ்வகையில் 1926ஆம் ஆண்டில் பம்பாய் நாக்பாடாவில் அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் ஓர் அண்டை வீட்டு நிலையத்தை அமைத்தார். தொண்டு செய்ய நன்மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை அவ்வேலையில் அவர் கண்டார். அதன் விளைவாக, டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு 1936ஆம் ஆண்டில் சமூகப் பணிக்கான பட்டப் பள்ளி ஒன்று தோன்றியது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என இன்று நாம் அறிவது அதுவே. 1954ஆம் ஆண்டில் அது செம்பூரை அடுத்த தேவநாருக்குக் குடிபெயர்ந்தது.

செம்பூரின் முகம் மாறியதும் அவ்வாண்டுகளிலேதான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் டிராம்பே அணுசக்தி நிலையமும் அதன் அருகே எழுந்தன. அவற்றிற் பணி செய்ய வந்த பொறியாளரும் அறிவியலாளரும் அலுவலருமாகத் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். அறிவியலாளர் சிலரின் கண் மாநகராட்சிப் பள்ளிகளின் பக்கம் திரும்பியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையாக 1974ஆம் ஆண்டில் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அவ்வார்வத்தின் கனி. அதன் முதல் இயக்குநரான வி. ஜி. குல்கர்ணியும் அவர் துணைவரும் 1980களில் ஒரு முயற்சி செய்தனர். மாநகராட்சிப் பள்ளிகளிற் படித்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவரைத் தேர்ந்து, பள்ளி நேரத்திற்குப் புறம்பாகத் தொடர்ந்து துணை செய்து வந்தனர். அம்மாணவருக்குக் குறை அறிவில் இல்லை. பாடநூலின் மொழியே அவர்களை மறித்து நின்றது எனக் கண்டனர். மொழித் தடையை நீக்க உதவியதும் மாணவரின் தேர்ச்சி உயர்ந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை. தாராவித் தமிழ்ப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை மொழிகளைக் கடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, அரசாங்கப் படிவத்தில் மராத்தி, மேற்படிப்பில் ஆங்கிலம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளிற் பள்ளிகளை நடத்துவது போற்றத்தக்க செயல். தமிழும் அவ்வெட்டில் ஒன்று. எனினும் தமிழ்வழி வகுப்புகள் பெரும்பாலும் தொடக்க, நடுநிலை அளவில் நின்று விடுகின்றன. பதின்மூன்று பதினான்கு வயதில் பிள்ளை வேறு மொழிக்குத் தாவ வேண்டியிருக்கிறது. கணக்கிற் கெட்டிக்காரனாக இருந்தவன், கணக்கின் வினாவைப் புரிந்துகொள்ள இயலாமல் மந்தன் எனப் பெயர் வாங்குவது அவ்வயதிலேதான். கல்வி உதவித் தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பு ஆகியவற்றின் நடையோ படித்தவரையே திணற அடிப்பது. அங்கு அருகில் அமர்ந்து, "இந்த வரியின் பொருள் இது, இங்கே கையொப்பமிட வேண்டும்" என்று சொல்லும் ஒருவர் செய்வதும் மொழிபெயர்ப்புப் பணியே. ஓர் உலகத்தை மற்றோர் உலகத்திற்கு அவர் பெயர்த்துத் தருகிறார்.

அவ்வாறு அமர்பவர் பெரும் படிப்பாளியாக இருக்க வேண்டுமா என்னும் வினாவிற்கும் மும்பை விடை கூறியிருக்கிறது. 1995ஆம் ஆண்டில் மாதவ் சவாணும் ஃபரீதா லாம்பேயும் பிரதம் என்னும் அமைப்பை இந்நகரின் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினர். அதன் திட்டங்களுள் ஒன்று 'பால்சகி'. குழந்தையின் தோழி என்பது பொருள். அதே வட்டாரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண் ஒருத்தி, ஏறத்தாழ இரண்டு வாரப் பயிற்சி பெறுவாள். வகுப்பிற் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, எழுத்தையும் எண்ணையும் தொடக்கத்திலிருந்து சொல்லித் தருவாள். மாத ஊதியம் 500 முதல் 750 ரூபாய் வரை.

மும்பையிலும் வதோதராவிலும் இத்திட்டத்தைப் பொருளியலறிஞர் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இரு நகரங்களிலும் மதிப்பெண்கள் உயர்ந்தன. இரண்டாம் ஆண்டின் முன்னேற்றம் முதலாம் ஆண்டினதைப் போல் இருமடங்கு. மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே மிகுதியும் பயனடைந்தனர். ஆனால், திட்டத்தை விட்டு விலகி ஓராண்டு சென்றபின் அப்பயனில் பெரும்பகுதி கரைந்து போனதையும் அவர்கள் மறைக்காமற் பதிவு செய்தனர். வறுமை ஒழிப்பு ஆய்வுகளுக்காக அவ்விருவரும், மைக்கேல் கிரெமரும் 2019ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். பரிசுச் செய்தி உலகெங்கும் பரவியது. அதன் பின்னே, மும்பைச் சந்துகளிற் பாடம் சொன்ன பெயரறியாப் பெண்களின் உழைப்பும் இருக்கிறது.

மற்ற முயற்சிகளைச் சுருங்கக் கூறலாம். ஷாஹீன் மிஸ்த்ரி என்னும் கல்லூரி மாணவியார், தம்மைப் போன்ற மாணவத் தொண்டர்களோடு 1991ஆம் ஆண்டில் கொலாபாவில் பதினைந்து பிள்ளைகளுக்கு வகுப்பைத் தொடங்கினார்; ஆகாங்க்ஷா என்னும் அமைப்பின் தொடக்கம் அது. இரவுப் பள்ளி மாணவருக்குத் துணை செய்ய 2008ஆம் ஆண்டில் மாசூம் என்னும் அமைப்பு தோன்றியது. கல்லூரி மாணவரைத் தொண்டிற் பழக்க மைய அரசு 1969ஆம் ஆண்டிலேயே நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியிருந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தின் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தொண்டர்களே மாலை வேளையில் பிள்ளைகளோடு அமர்ந்தனர். பழைய சட்டாம்பிள்ளை மீண்டும் வந்தான். இம்முறை திண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. சட்டாம்பிள்ளைகளுள் பெரும்பாலோர் பெண்களாகவும் இருந்தனர்.

இந்நெடிய வரலாறு நமக்குக் கற்பிப்பவை சில. முதலாவது, ஒழுங்கு. திங்களுக்கு ஒருமுறை இனிப்போடு வந்து புகைப்படம் எடுத்துச் செல்பவரைவிட, வாரந்தோறும் அதே நாளில் அதே மணிக்கு வந்து இரண்டு மணி நேரம் அமர்பவரால் பயன் மிகுதி. இரண்டாவது, நீட்சி. பால்சகி ஆய்வு காட்டியபடி, விட்டுவிட்டால் கரைந்து போவது இப்பயன். ஆகவே, ஒரு பிள்ளையின் பொறுப்பை ஏற்பவர் ஓராண்டேனும் விலகாதிருத்தல் வேண்டும். பாதியில் நின்று விடும் துணை, 'நம்மை விட்டு எல்லாரும் போய்விடுவர்' என்னும் பாடத்தையே பிள்ளைக்குக் கற்பிக்கும். மூன்றாவது, பணிவு. பெற்றோரின் இசைவோடு, பள்ளியிலோ படிப்பகத்திலோ பலர் காணும் இடத்தில் அமர்ந்து கற்பிப்பதே முறை. அவ்வீட்டின் உணவையும் வழிபாட்டையும் பேச்சையும் திருத்த முனைவது நம் வேலையன்று. தோலைப் பதனிட்டும் துணி தைத்தும் பிள்ளையைப் படிக்க வைத்த தாய் தந்தையர், கல்வியின் அருமையை நம்மிடம் கேட்டு அறிய வேண்டியவர் அல்லர்.

தாராவியும் இன்று பழைய தாராவி அன்று. தோல் பதனிடும் சாலைகள் பெரும்பாலும் அங்கிருந்து வெளியேறி விட்டன. அதே தெருக்களில் வளர்ந்து பட்டம் பெற்ற ஆசிரியரும் வழக்கறிஞரும் பொறியாளரும் இப்போது உள்ளனர். அவர்களுள் பலர் தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கின்றனர். அவர்களுக்கே இப்பணியில் முதலிடம் உரியது. பிள்ளைக்கு நம்பிக்கை தருவதில், அதே குழாயடியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவருக்கு நிகர் யாரும் இல்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வு பெற்று அமர்ந்திருக்கும் கணக்காளரும் வங்கி அலுவலரும் பொறியாளரும் அவர்களோடு சேர்ந்து உழைக்கலாம்; தலைமை தாங்க வேண்டும் என்பதில்லை.

இவ்வுரையைப் படிக்கும் நேயர் அனைவரும் மும்பையில் வாழ்பவர் அல்லர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்தும் தலைநகரிலும், கல்கத்தாவிலும், அகமதாபாத்திலும், பெங்களூரிலும் நம்மவர் வாழ்கின்றனர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாதுங்கா உண்டு; ஒவ்வோர் ஊரிலும் ஒரு தாராவியும் உண்டு. இரண்டிலும் தமிழ் ஒலிக்கிறது என்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகி விடா. பொங்கல் விழா மேடையில் ஆண்டிற்கு ஒருநாள் 'நாம் அனைவரும் தமிழர்' என்று முழங்குவது எளிது. மற்ற நாட்களின் மாலை வேளையில், அடுத்த பகுதிப் பிள்ளையின் அருகில் அமர்ந்து பின்னக் கணக்கை மூன்றாம் முறையும் பொறுமையோடு விளக்குவது அரிது. இவ்விரண்டில் எதனால் நாம் ஓரினம் ஆகிறோம் என்பதை அறிய, சர்னி ரோடு பூங்காவில் ஒரு சிறுவனைக் கண்டு நின்ற ஆசிரியரை நினைத்தாற் போதும். அவர் கேட்டது, நீ யார், என்ன படிக்கிறாய் என்பதுதான். அவ்வினாவிற்காக நம் ஊர்களிலும் பிள்ளைகள் காத்திருக்கின்றனர்.